படித்துறையில் விட்ட செருப்பு

ஜூன் 18, சனி

இன்றைக்கு வகுப்பு ஆரம்பித்தது. வட்டாரப் பண்பாடும் இலக்கியமும், முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பு. ஒரு வருஷம், சனி ஞாயிறு மட்டும். பாளையங்கோட்டைக் கல்லூரியின் பின்கட்டில், ஒரு காலத்தில் வேதியியல் ஆய்வுக்கூடமாக இருந்த அறை. மேசைக்கு மேசை ஒரு குழாய் இருக்கிறது. திறந்தால் தண்ணீருக்குப் பதில் பெருமூச்சு வருகிறது.

எதற்குச் சேர்ந்தீர்கள் என்று பேராசிரியை கிரேஸ்லின் ஒவ்வொருவரையும் கேட்டார். இரண்டு பள்ளிக்கூட ஆசிரியர்கள் பதவி உயர்வுக்கு என்றார்கள். பக்கத்து மேசைக்காரர் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறாராம், பெயர் ஞானதிரவியம். மனைவி தவறிய பிறகு சனி ஞாயிறு ரொம்ப நீளமாகிவிட்டது என்றார். என் முறை வந்தது. "சண்முகவடிவு. அச்சாபீஸ்ல கம்ப்யூட்டர் அடிக்கேன். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடிச்சு அடிச்சு, ஊர்ல மிச்சத் தமிழ் எங்க இருக்குன்னு பாக்க வந்தேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை வீட்டில் இருந்தால் தெருவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லவில்லை.

ஜூன் 25, சனி

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு வைப்பவர்களைப் பிடித்து ஒரு வாரம் அச்சாபீஸில் பிழை திருத்த விட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மருத மரம். காற்றே இல்லாமல் அதன் இலைகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. கிரேஸ்லின் மேடத்தின் குரல் தூரத்துத் தெருவில் போகிற ஐஸ்வண்டி மாதிரி வந்து வந்து போனது. ஐந்திணை நடத்தினார். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், பாலைக்குப் பிரிதல்.

இருத்தல் என்றால் போனவன் வருவான் என்று வீட்டில் பொறுத்திருப்பது. பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருமாம். காத்திருப்பதற்கு மதிப்பெண் உண்டு என்று எனக்கு முன்பே யாரும் சொல்லவில்லை.

கண் சொருகியபோது தெருவில் சரக், சரக் என்று செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. "சந்தேகமா வடிவு?" என்றார் மேடம். இல்லை மேடம் என்று உட்கார்ந்தேன். கல்லூரி வளாகத்துக்குள் தெரு எங்கிருந்து வந்தது?

ஜூலை 3, ஞாயிறு

டீ குடிக்கும்போது ஞானதிரவியம் கேட்டார்: "ஒங்க வீட்டுக்காரரு என்ன செய்யுதாரு?"

"ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்காரு."

"சரி. வந்ததும் நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

பாவம், அவருக்குத் தெரியாது. யார் கேட்டாலும் நான் சொல்கிற பதில் இதுதான். பொய் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசிக் காலையில் துண்டும் சோப்பு டப்பாவும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனவர் இன்னும் வரவில்லை. மேலப்படித்துறையில் துண்டு இருந்தது, வேட்டி இருந்தது, சோப்பு டப்பா மூடி திறந்து இருந்தது. ஆற்றில் வெள்ளம் என்று சொல்ல முடியாது, ஆனால் இழுவை இருந்தது. மூன்று நாள் ஆள் விட்டுத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் செருப்பு இல்லை. அதுதான் விஷயம். அதற்கு முந்தின வாரம்தான் நானே கூட்டிப் போய் வாங்கிக் கொடுத்த புதுத் தோல் செருப்பு. ஒரு நம்பர் பெரிசு. கடையில் அவர் அளவு இல்லை, பரவாயில்லை என்று போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து இழுத்து இழுத்துத்தான் நடந்தார். தெரு முனை திரும்பும்போதே சரக், சரக் என்று எனக்குக் கேட்டுவிடும், உலையில் அரிசியைப் போடுவேன். முங்கிப் போகிற ஆள் செருப்பைப் போட்டுக்கொண்டா முங்குவார்? போலீஸ்காரரிடமும் இதைத்தான் கேட்டேன், என் கொழுந்தனிடமும் இதைத்தான் கேட்டேன். வேறு வேட்டி கட்டிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கோ நடந்து போயிருக்கிறார். ஏன் என்று வந்தால் கேட்டுக்கொள்ளலாம்.

ஜூலை 28, வியாழன்

ஆடி அமாவாசை. கொழுந்தன் சிவதாணு காலையில் ஆற்றில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. பெயிண்டுக் கடை வைத்திருக்கிறான். வாசலில் நின்று, "மைனி, கொஞ்சம் தண்ணி தாங்க" என்றான். கொடுத்தேன். குடித்துவிட்டுச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். என்னமோ சொல்ல வந்தான். நான் கேட்கவில்லை. "கோமுக்கு மாப்பிள வீட்ல பேசிட்டாவ மைனி. தையில வச்சிரலாம்ன்னு சொல்லுதாவ" என்றான். கோமு அவன் மகள். நான் வளர்த்த பிள்ளை. சந்தோஷம்தான் தம்பி என்றேன். அதைச் சொல்லத்தான் வந்தான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 6, சனி

களப்பணி ஒதுக்கிவிட்டார்கள். இரண்டிரண்டு பேராகப் போய் ஒரு வகைப் பாட்டைப் பதிவு செய்து, ஒரு சொல் மாற்றாமல் எழுதி, குறிப்புப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் இருவரும் தாலாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் ஞானதிரவியத்துக்கும் விழுந்தது ஒப்பாரி, அதிலும் கணவனை இழந்தவள் பாடுகிற ஒப்பாரி.

"மாத்திக் கேப்பமா?" என்றார் ஞானதிரவியம் மெதுவாக. என்னைப் பற்றி இதற்குள் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"எதுக்கு மாத்தணும்? இதென்ன எனக்குப் புதுசா? தெனம் நாலு கண்ணீர் அஞ்சலி அடிக்கேன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

ஒப்பாரி சேகரிப்பது இத்தனை கஷ்டம் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை. இழவு விழாத வீட்டில் யாரும் பாட மாட்டேன் என்கிறார்கள். பாடினால் வீடு தேடி இழவு வருமாம். ஞானதிரவியம் குடியிருக்கிற தெருவில் ஒரு அம்மாள் இரண்டு வரி எடுத்ததும் மருமகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து மிக்ஸியைப் போட்டுவிட்டாள். அரைப்பதற்கு ஒன்றும் இல்லை. வெறும் மிக்ஸி. பதிவில் அது மட்டும் தெளிவாக இருக்கிறது.

என் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று எதிர்வீட்டு உமையாளைக் கேட்டேன். அவள் முகம் போன போக்கு! "ஒங்க வீட்லயா? யக்கா, ஒங்க வீட்ல வச்சு நான் அந்தப் பாட்ட எடுப்பனா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் வீட்டில் என்ன தனியாக? எல்லார் வீட்டைப் போலத்தான்.

செப்டம்பர் 10, சனி

ஞானதிரவியம் பனங்கிழங்கு கொண்டுவந்தார். இப்போது பனங்கிழங்கு எங்கே கிடைக்கிறது என்று கேட்டேன், பருவமே இல்லையே. கிடைத்தது என்றார். நார் உரிக்க எனக்குப் பொறுமை கிடையாது. உரித்து வைத்தார். குறித்து வைக்க வேறு விசேஷம் இல்லை.

செப்டம்பர் 18, ஞாயிறு

மாடத்தியைப் பார்த்துவிட்டோம். தெற்கு பஜாரில் பூ விற்கிறவள், என் வயதுதான் இருக்கும். ஊரில் எந்தச் சாவானாலும் இவளைக் கூப்பிடுகிறார்கள். இவள் பாடின ஒரு வீடியோ செல்போனில் ஊர் முழுக்கச் சுற்றியிருக்கிறது. அதில் அவள் கட்டியிருந்த புடவை நன்றாக இல்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய குறை.

"பாடுதேன். ஆனா வீட்ல கெடையாது, ஆத்தங்கரைல. ஆத்துல பாடுனா தண்ணி கொண்டு போயிரும், யாருக்கும் ஒட்டாது. மேலப்படித்துறைக்கு வாங்க" என்றாள்.

வேறு படித்துறை இல்லையா என்று கேட்டேன். மற்றதெல்லாம் படம் எடுத்தால் நன்றாக விழாதாம்.

பதினோரு வருஷமாக நான் அந்தப் பக்கம் போனதில்லை. வழி தெரியும்.

அக்டோபர் 8, சனி

பதிவு முடிந்தது. பாட்டு நன்றாக வந்திருக்கிறது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் ஓடியது. வெயில் ஆற்றின் மேல் விரித்துப் போட்ட மாதிரி கிடந்தது. எதிர்க்கரையில் யாரோ துணி துவைக்கிற சத்தம், கை ஓங்கிய பிறகு கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

என் செருப்பு போய்விட்டது. மேல்படியில் விட்டிருந்தேன். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

அக்டோபர் 9, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி.

அக்டோபர் 12, புதன்

அச்சாபீஸில் பிழைக்கு மேல் பிழை. பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகையில் 'கண்ணீருடன்' என்று அடித்துவிட்டேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார்.

அக்டோபர் 16, ஞாயிறு

பதிவைக் கேட்டு எழுத உட்கார்ந்தேன். மேடம் சொல்லித் தந்தபடி எழுத வேண்டும். பாடினவள் வாயில் வந்தது அப்படியே தாளில் இருக்க வேண்டும், நம் சௌகரியத்துக்கு ஒன்றையும் மாற்றக் கூடாது.

முதலில் பேச்சு இருக்கிறது. மாடத்தி கேட்கிறாள்: "யாருக்குப் பாட? பேரு வேணும். பேரு இல்லாமப் பாடுனா அது பேரு தேடிக்கிட்டு அலையும்."

ஞானதிரவியம்: "ஒங்க வீட்டுக்காரரு தவறிட்டாருன்னு சொன்னியளே, அவருக்கே பாடுங்களேன்."

"அந்தாளுக்கு அன்னைக்கே பாடியாச்சு. அதுவே ஜாஸ்தி."

"அப்ப எம் மனைவி பேர வச்சுக்கிடுங்க. ஜெயசீலி."

"அண்ணாச்சி, நீங்க கேட்டது புருசனுக்குப் பொண்டாட்டி பாடுத பாட்டு. பொம்பள பேரு அதுல உக்காராது."

பிறகு ஒரு பெண் குரல்: "ஆறுமுகநயினார்."

என் குரல்தான். மாதிரிக்கு ஒரு பெயர் கேட்டாள், நாக்கில் இருந்த பெயரைச் சொல்லிவிட்டேன். ஞானதிரவியம் "வடிவு மேடம்" என்று ஏதோ சொல்ல வருகிறார். மாடத்தி அதற்குள், "எப்படிப் போனாவ?" என்கிறாள். அதே குரல், "ஆத்துக்குக் குளிக்கப் போனாவ" என்கிறது. எல்லோரிடமும் சொல்கிற அதே பதில். எப்போதும் சொல்வது போலத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் பதிவில் வேறு மாதிரி கேட்கிறது.

அப்புறம் அவள் எடுக்கிறாள்.

தண்ணி குளிக்கப் போன – என் தருமரே,
துண்டு காயுமுன்ன வாரேன்னியளே.
துண்டும் காஞ்சிருச்சே – ஆறுமுகநயினாரே,
தொட்ட சோப்பு கரைஞ்சிருச்சே.

வடிச்ச சோறு வெறைச்சிருச்சே – என் ராசா,
வாச வெளக்கு அணைஞ்சிருச்சே.
அக்கரை போன கால – ஆறுமுகநயினாரே,
இக்கரை வந்து தேடலாமா?

எல்லாம் எழுதிவிட்டேன். பெயர் வருகிற இரண்டு இடத்தில் மட்டும் புள்ளி வைத்து விட்டிருக்கிறேன். பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

அக்டோபர் 22, சனி

வகுப்பில் ஞானதிரவியமும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சொல்லடைவு தயாரித்தோம். 'வெறைச்சிருச்சே' என்பதற்கு 'ஆறிக் கெட்டியாகிவிட்டது' என்று பொருள் எழுதினார். எழுத்து அழகாக இருக்கிறது, முகவரி எழுதிப் பழகின கை. அன்றைக்கு அவர் போடத் தந்த செருப்பை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. மறந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 5, சனி

மறுபடியும் மறந்துவிட்டேன்.

நவம்பர் 14, திங்கள்

சிவதாணு அச்சாபீஸுக்கே வந்தான், கோமு கல்யாணப் பத்திரிகைக்கு. கையெழுத்துப் பிரதியை என் மேசையில் வைத்தான். வேறு அச்சாபீஸுக்குப் போக முடியுமா அவனால்? ஊர் சிரிக்காதா?

பத்திரிகை என்பது லேசான விஷயம் இல்லை. அதில் வருகிற ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'திரு' இருக்கும், அல்லது 'தெய்வத்திரு' இருக்கும். மூன்றாவதாக ஒன்று கிடையாது. இந்த வேலைக்கு வந்த முதல் நாள் முதலாளி எனக்குச் சொல்லித் தந்தது அதுதான். தேதி தப்பினால் பேனாவால் திருத்திக் கொடுக்கலாம், உயிரோடு இருக்கிறவரைத் தெய்வமாக்கினால் மன்னிப்பே கிடையாது.

பிரதியில் எல்லாப் பெயருக்கும் முன்னால் எழுதியிருந்தான். 'எங்கள் தமையனார்' என்ற வரியில் மட்டும் பெயருக்கு முன்னால் வெறும் இடம்.

"மைனி, அண்ணன் பேருக்கு முன்னால என்ன போடணுமோ நீங்களே போட்டுக்கிடுங்க. நான் ஒண்ணும் சொல்லல. மாப்பிள வீட்டுல கேக்காவதான். ஆனா நீங்க என்ன போடுதியளோ அதுதான்" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அண்ணன் பெயரே வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்றேன்.

"அண்ணன் பேரு இல்லாம என் மக கல்யாணமா?" என்றான். அவன் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

நவம்பர் 18, வெள்ளி

பத்திரிகை முழுக்க அடித்து முடித்துவிட்டேன். அந்த ஒரு இடம் பாக்கி. திரையில் கோடு மட்டும் அங்கே நின்று மினுக்கிக்கொண்டிருக்கிறது. விசிறி சுற்றுகிற சத்தத்தில் பார்த்துக்கொண்டே இருந்தால், அந்த இடம் அகன்று அகன்று மணல் மாதிரி விரிகிறது. அதில் யாரோ நடந்து போகிறார். முதுகுதான் தெரிகிறது. காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன். மணலில் கால் புதைந்திருக்கிறது.

முதலாளி டீ கொண்டுவந்து வைத்தார். அவர் யாருக்கும் டீ கொண்டுவந்து வைப்பவர் அல்ல.

நவம்பர் 20, ஞாயிறு

மழை. வகுப்பு இல்லை. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது என்னை விடாது.

அன்றைக்குப் படித்துறையில் பாட்டு முடிந்து மேலே வந்தால் என் செருப்பைக் காணோம். இரண்டு மாதச் செருப்பு. அக்கம்பக்கம் பார்த்தேன். மாடத்தி தலையைக் கோதி முடித்துக்கொண்டே சிரித்தாள். "மேல்படியிலயா விட்டிய? இந்தப் படித்துறையில செருப்பு தங்குமா யக்கா? அதும் புதுசுன்னா அது பாட்டுக்குக் கால் மொளைச்சு நடந்துரும். இன்னைக்கு நேத்தா? நான் வயசுக்கு வாரதுக்கு முன்னாலயிருந்தே இங்கன இதே கததான்."

எவ்வளவு நேரம் பாடினாள்? ஒரு பாட்டு. துண்டு காய்கிற நேரம்கூட இல்லை. அதற்குள் போய்விட்டது.

நான் சிரித்தேன். மாடத்தியோடு சேர்ந்து சிரித்தேன். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞானதிரவியம் தன் செருப்பை ஒரு மஞ்சள்பையில் போட்டுப் பக்கத்திலேயே வைத்திருந்தார். எங்கே போனாலும் அப்படித்தான் செய்வாராம், கோயிலானாலும் கல்யாண வீடானாலும். பையிலிருந்து எடுத்து என் கால் முன்னால் வைத்தார். "போட்டுக்கிடுங்க. ரோடு கொதிக்கி" என்றார். ஒங்களுக்கு? என்றேன். "நமக்குப் பழக்கம்தான்." என்ன பழக்கம்? தபால் ஆபீஸில் வெறுங்காலோடா உட்கார்ந்திருக்கிறார்? ஆனால் அவரோடு வாதாட எனக்கு அப்போது தெம்பு இல்லை.

போட்டுக்கொண்டேன். தோல் செருப்பு, எனக்கு ரொம்பப் பெரிசு. தூக்கி வைத்தால் கழன்றது. இழுத்து இழுத்துத்தான் நடக்க முடிந்தது. அவர் பஸ் ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெரு முனை திரும்பினேன்.

சரக், சரக்.

நின்றேன். சத்தமும் நின்றது. நடந்தேன். வந்தது. எதிர்வீட்டு உமையாள் படபடவென்று வாசலுக்கு ஓடி வந்தாள். அவளுக்கும் அந்தச் சத்தம் தெரியும், இந்தத் தெருவில் யாருக்குத் தெரியாது? என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

பதினோரு வருஷமாக எந்தச் சத்தத்துக்காகக் காதைத் தெருவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ, அது என் காலிலிருந்து வந்தது. என் வீட்டு வாசல் வரை வந்து, அங்கே நின்றது. கதவைத் திறக்க உள்ளே யாரும் இல்லை. நான்தான் திறந்தேன்.

அவர் செருப்பை எவனோ எடுத்துப் போயிருக்கிறான். அவ்வளவுதான். அன்றைக்கே, அவர் தண்ணீரில் இருக்கும்போதே எடுத்திருப்பான். புதுச் செருப்பு. நான் வாங்கிக் கொடுத்தது.

ரொம்ப அழுதேன். இன்றைக்கும் அழுகிறேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, கேட்டாலும் இனிமேல் பரவாயில்லை.

நவம்பர் 21, திங்கள்

அடித்துவிட்டேன். 'தெய்வத்திரு ஆறுமுகநயினார்.' எழுத்து கொஞ்சம் நெருக்கமாக விழுந்தது. இடைவெளி விட்டுச் சரி செய்தேன்.

சாயங்காலம் சிவதாணு மாதிரித் தாளைப் பார்க்க வந்தான். மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தான். அந்த வரிக்கு வந்ததும் தாளை மேசையில் வைத்துவிட்டு, முதலாளி, மிஷின்காரர், கார்டு வாங்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்டூலில் உட்கார்ந்து வாய் விட்டு அழுதான். ஐம்பது வயதை நெருங்குகிற ஆள்.

"ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அப்பாவுக்கு எள்ளு எறைச்சிட்டு, அண்ணனுக்கும் எறைக்கணும்ன்னு கை நீளும் மைனி. நீங்க இருக்காவன்னு சொல்லுதியளே, நான் எப்படி எறைக்க? அப்படியே எந்திரிச்சு ஒங்க வீட்டுக்கு வருவேன். தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போயிருவேன்."

என் காத்திருப்பு எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு அண்ணன். நான் அவனை அழக்கூட விடவில்லை. அவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

டிசம்பர் 3, சனி

களப்பணி ஏட்டைக் கொடுத்துவிட்டோம். புள்ளி வைத்திருந்த இரண்டு இடத்திலும் பெயரை எழுதிவிட்டேன். குறிப்பில் 'யாருக்காகப் பாடப்பட்டது' என்ற இடத்தில் 'பதிவு செய்தவரின் கணவருக்காக' என்று ஞானதிரவியம்தான் அவருடைய முகவரி எழுத்தில் எழுதினார். எழுதுமுன் என்னைப் பார்த்தார். எழுதுங்க என்றேன்.

கிரேஸ்லின் மேடம் வகுப்பிலேயே படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கு நான் எப்படி மார்க் போட?" என்றார். எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்க மேடம், கொறைக்காதிய என்றேன். இந்த முறை நானும் சிரித்தேன்.

கழுவித் துடைத்துக் காகிதத்தில் சுற்றி, அவர் செருப்பையும் கொடுத்துவிட்டேன். இத்தனை நாள் வைத்திருந்ததற்கு ஒரு காரணம் யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

ஜனவரி 27, வெள்ளி

கோமு கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டபத்தில் பந்தியில் நின்று அப்பளம் போட்டுக்கொண்டிருந்தேன், அங்கே என்றால் யார் கண்ணுக்கும் உறுத்தாது. மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலுக்கு வந்ததும் சிவதாணு பெண்டாட்டி பகவதி ஆரத்தித் தட்டோடு என்னைத் தேடிக்கொண்டு பந்திக்கே வந்துவிட்டாள்.

"யக்கா, இதப் புடிங்க. எனக்குக் கை நடுங்குது."

நான் எடுக்கலாமா பகவதி என்றேன் மெதுவாக.

"கை நடுங்குதுன்னு சொல்லுதேன், வெளக்கமா கேக்கிய?" என்றாள். அவள் கை கல் மாதிரி நின்றது. மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி வாயைத் திறந்தாள். கோமு அவளைத் திரும்பிப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. எடுத்தேன். பிள்ளை நெற்றியில் பொட்டு வைக்கும்போது நிஜமாகவே நடுங்கியது என் கைதான்.

ஞானதிரவியமும் வந்திருந்தார். வகுப்பில் எல்லோருக்கும் பத்திரிகை கொடுத்திருந்தேன், எல்லோரும்தான் வந்திருந்தார்கள். சாப்பிட்டாரா என்று பார்க்க நேரம் இல்லை. பாயசம் மட்டும் இரண்டு தடவை போட்டேன்.

மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு சாமான்களை ஏற்றிவிட மண்டப வாசலுக்கு வந்தேன். வெயிலில் செருப்புகள் குவியல் குவியலாகக் கிடந்தன. போன வாரம்தான் வாங்கின என் புதுச் செருப்பு விட்ட இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் அந்தப் பெரிய தோல் செருப்பு. மஞ்சள்பையில் இல்லை. வெறும் தரையில், என் செருப்பை ஒட்டி.

அவர் உள்ளே எங்கோ பேசிக்கொண்டிருந்தார். அவர் வரும் வரை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.